தயவுசெய்து மூடியைத் தொடாதீர்கள்

அக்டோபர் 8

இன்றும் திறந்திருந்தது.

காலையில் குடையோடு இறங்கினால், காரின் சார்ஜிங் போர்ட் மூடி விரியத் திறந்து, பெர்கன் நகரத்து மழை முழுவதையும் தானே குடித்துத் தீர்ப்பது என்ற முடிவோடு நிற்கிறது. துடைத்தேன், மூடினேன். நேற்று மாலை நான் மூடியது நன்றாக நினைவிருக்கிறது. மூடும்போது வந்த ‘டக்’ என்ற சத்தம்கூட நினைவிருக்கிறது.

ஆஸ்த்ரியிடம் சொன்னேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, “மறந்திருப்ப” என்றாள். என் மனைவி எதையும் ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடியவள்.

முப்பது வருடம் கப்பல் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, கப்பலுக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று அறிக்கை எழுதியவன் நான். மறதியால் தண்ணீர் வந்ததாக ஒரு தடவையும் எழுதியதில்லை. யாரோ திறக்கிறார்கள்.

அக்டோபர் 10

யார்?

வெளியாட்கள் என்பது என் எண்ணம். கோடையில் சொகுசுக் கப்பல்களிலிருந்து இறங்கி வருகிறவர்கள் எங்கள் தெருவின் மர வீடுகளைப் பார்க்க ஏறி வருவார்கள். ஜன்னலில் மூக்கை ஒட்டி உள்ளே பார்ப்பார்கள். ஒருவர் எங்கள் குப்பைத் தொட்டியைப் பல கோணங்களில் படமெடுத்துக்கொண்டு போனார். குப்பைத் தொட்டியை விடாதவர்கள் சார்ஜிங் போர்ட்டையா விடுவார்கள்?

ஆஸ்த்ரிக்கு இதில் நம்பிக்கை இல்லை. “கட்டடத்துல எல்லார்கிட்டயும் மின்சாரக் கார் இருக்கு. கடைசியா வாங்கினது நீதான். உன் ஓட்டையில மட்டும் என்ன விசேஷம்னு வந்து பாக்கப் போறாங்க?”

கடைசியாக வாங்கியது உண்மை. அவசரப்படுகிறவன் அல்ல நான்.

கார் நிற்குமிடம் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே. கட்டடத்திலேயே நல்ல இடம். நிர்வாகக் குழுவில் இருப்பதால் கிடைத்தது என்று சிலர் பேசுகிறார்கள். அது தவறு. கிடைத்தபோது குழுவில் இருந்தேன், அவ்வளவுதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்த ஜன்னலை ஒட்டிய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்கிறேன். படிப்புக்குப் படிப்பு, காவலுக்குக் காவல். ரிமோட் சாவியோ என் கால்சட்டையின் பின்பாக்கெட்டை விட்டு இறங்குவதே இல்லை. சாவி வைத்து எவனும் திறக்க வழியில்லை.

அப்படியிருந்தும் திறக்கிறார்கள்.

அக்டோபர் 11

ஓர் ஒழுங்கு தெரிகிறது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் திறந்திருக்கிறது. காலை உணவுக்குப் பிறகு போனால் பெரும்பாலும் மூடியிருக்கிறது. அதாவது மாலையில் வந்து திறந்து, காலையில் வந்து மூடிவிட்டுப் போகும் ஆள். இவ்வளவு ஒழுக்கமான குற்றவாளியை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

அக்டோபர் 13

பாதுகாப்பு நடவடிக்கை: ஸ்டாவாங்கர் ஹோட்டலில் எடுத்துவந்த குளியல் தொப்பியை மூடிக்கு மேல் மாட்டி, ஓரத்தை நாடாவால் ஒட்டினேன்.

எங்கள் குடியிருப்புக் கூட்டுறவின் தலைவர் லுட்விக் படியில் நின்று பார்த்தார். எழுபது வயது. எதையும் முழு வாக்கியமாகக் கேட்க மாட்டார்.

“ஹோட்டல்ல...?”

“ஆமாம்.”

“ம். இலவசந்தானே” என்றுவிட்டு மேலே போனார்.

அக்டோபர் 14

தொப்பி காற்றில் போய்விட்டது. வேலியோர ரோஜாச் செடி அணிந்திருக்கிறது.

அக்டோபர் 16

படியில் தோர்டிஸ் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் மாடிக்காரி. நாட்டின் வடகோடியில் வார்டோ என்ற ஊரிலிருந்து வந்தவள், எழுபதைத் தாண்டியவள். வீடு அவள் தம்பி மகனுடையது. அவன் வேலையாகக் கனடா போய்விட்டான். வீட்டுக்காரர் இல்லாமல் உறவினர் குடியிருக்க எங்கள் விதியில் மூன்று வருடம் அனுமதி. அதற்கு மேல் குழு மனது வைத்தால் உண்டு. அவளுடைய மூன்றாம் வருடம் ஜனவரியோடு முடிகிறது.

“எங்க போற பையா, இந்த மழையில?” என்றாள். அறுபத்துமூன்று வயதான என்னை. லுட்விக்கையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

“கடைக்கு.”

“என்ன வாங்க?”

இந்தப் படிகளில் இருபது வருடமாக ஏறி இறங்குகிறேன். ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பதற்றத்தில் “மீன்” என்றேன்.

“இங்க விக்கிறதுக்குப் பேரு மீனா? பிசாசு தின்னுமா அத?” அப்புறம் கீழே சுட்டினாள். “அந்த நீல வண்டி உன்னோடதா? எம்புட்டு தூரம் போகும்? குளிர்ல பாதியில நிக்குமாமே? சார்ஜ் போடற எடத்துல மழை எறங்கினா ஷாக் அடிக்காதா?”

வடக்கத்திக்காரர்கள் இப்படித்தான், கேள்விக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு கதவு வைப்பதில்லை. அதற்குப் பின் மீன் வாங்க வேண்டியதாயிற்று.

ஆனால் — சார்ஜ் போடும் இடத்தைப் பற்றி ஏன் கேட்டாள்?

அக்டோபர் 25

பார்த்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்குக் காபியோடு ஜன்னலுக்கு வந்தேன். மழையில் தோர்டிஸ், மஞ்சள் மழைக்கோட்டில், என் காரருகே குனிந்து நிற்கிறாள். கை மூடியின் மேல். நான் கண்ணாடியைத் தட்டுவதற்குள் நிமிர்ந்து, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, மேல் தெருப் பக்கம் நடந்துவிட்டாள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூடியிருந்தது. ஆள் வருவதற்குள் மூடிவிட்டிருக்கிறாள். கைதேர்ந்தவள்தான்.

ஆஸ்த்ரி, “போய்க் கேளேன்” என்றாள்.

என்ன கேட்பது? ஒரு மனுஷியின் கதவைத் தட்டி, “என் மூடியை ஏன் தொட்டீர்கள்?” என்றா? இங்கே யாராவது அப்படிச் செய்வார்களா?

அக்டோபர் 28

சீட்டு எழுதி வாசல் பலகையில் குத்திவிட்டேன். நான்கு முறை திருத்தினேன். இறுதி வடிவம்:

“அன்புள்ள குடியிருப்போரே, வாகனங்களின் சார்ஜிங் மூடிகள் அவரவர்க்கு உரியவை; அவற்றினுள் பார்ப்பதற்கு எதுவுமில்லை; மழைநீர் புகுந்தால் பழுதாகும். தயவுசெய்து மூடியைத் தொடாதீர்கள். — அக்கறையுள்ள ஓர் அண்டை வீட்டார்.”

பெயர் போடவில்லை. போடும் வழக்கமில்லை. எங்களுக்கு ஒருவர்மேல் கோபம் வந்தால், அவரை விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் எழுதுவோம். படிக்கட்டுச் சீட்டுகளைத் தொகுத்தால் இந்நாட்டு உரைநடையின் வளர்ச்சியை நன்கு அறியலாம்.

சீட்டைக் குத்திவிட்டுத் திரும்பினால் தோர்டிஸ் இறங்கி வருகிறாள். குண்டூசிப் பெட்டி இன்னும் என் கையில்.

“மழை நல்லாப் பெய்யுது” என்றேன்.

பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஆமா, பெய்யுது” என்றாள். என்ன வாங்கப் போகிறேன் என்று கேட்கவில்லை. சீட்டு வேலை செய்கிறது.

அக்டோபர் 29

ஆஸ்த்ரி: “அரைப்புள்ளி போட்டிருக்க. இந்தக் கட்டடத்துல அரைப்புள்ளி போடற ஆள் வேற யாரு?”

நவம்பர் 6

சீட்டு வேலை செய்யவில்லை. முன்பு சில நாட்களாவது மூடியிருக்கும். இப்போது எந்த நேரத்தில் போனாலும் திறந்தே இருக்கிறது. பகலெல்லாம் மழை உள்ளே இறங்குகிறது. வேண்டுமென்றே செய்கிறாள். இதற்குப் பெயர் எதிர்ப்பு.

நவம்பர் 9

முழு நாளும் வேலை. பழைய மழைக்கோட்டின் கையை வெட்டி, ஓரத்தில் காந்தம் வைத்துத் தைத்து, போர்ட்டுக்கு ஓர் உறை செய்தேன். தையல் கோணல்தான், ஆனால் நிற்கிறது. அதைவிட முக்கியம்: போர்ட்டின் உள்ளே, அடியில், சிறிய ஓட்டை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். தொழிற்சாலையில் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். தண்ணீர் புகும் வழி. சிலிகான் பசையால் அடைத்துவிட்டேன். முப்பது வருட அனுபவம் வீண்போகவில்லை.

நவம்பர் 12

உறை தரையில் கிடக்கிறது. மூடி திறந்திருக்கிறது. காந்தத்தையும் மீறித் திறக்கிறாள் என்றால் பகை எவ்வளவு ஆழமானது.

நவம்பர் 20

நிர்வாகக் குழுக் கூட்டம், லுட்விக் வீட்டில். காபி, ஏலக்காய் பன், ஐந்து பேர். தோர்டிஸின் அனுமதி நீட்டிப்பு கடைசிப் பொருள்.

லுட்விக் சொன்னார்: “மூணு வருஷம் முடியுது. நல்ல காரணம் இருந்தா நீட்டிக்கலாம். புகார் எதும் இல்லன்னா...” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அரைப்புள்ளியை அவரும் படித்திருக்கிறார்.

“பெயர் எதையும் சொல்ல எனக்கு விருப்பமில்லை” என்றேன்.

மற்ற நால்வரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். பெயர் சொல்லியிருந்தால் யாராவது, “அப்படியா, அவங்ககிட்ட கேப்போமே” என்று சொல்லியிருக்கக்கூடும். சொல்லாததால் கேட்க ஒன்றுமில்லை. நீட்டிப்பதில்லை என்று ஒருமனதாக முடிவு. ஜனவரிக் கடைசியில் காலி செய்ய வேண்டும். பன் நன்றாக இருந்தது.

நவம்பர் 21

இரண்டு பன் சாப்பிட்டேன். நெஞ்சில் அதுவே நிற்கிறது போலும்.

டிசம்பர் 2

மழை நின்று உறைகுளிர். கார் சார்ஜ் ஏறவில்லை. போர்ட்டுக்குள் ஒரு கைப்பிடி பனிக்கட்டி, குவளையில் உறைய வைத்தது மாதிரி. முனைகள் பச்சை பூத்திருக்கின்றன. இழுவை வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனது. எல்லா மாடி ஜன்னல்களிலும் திரை அசைந்தது.

ஆஸ்த்ரி கேட்டாள்: “இவ்ளோ தண்ணி எப்படி உள்ளயே நின்னுச்சு?”

ஓட்டையை அடைத்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

மெதுவாக, “நம்ம குளியல் தொட்டி அடியிலயும் ஒரு ஓட்டை இருக்கு ஐலர்ட். அதையும் அடைச்சிடலாமா?” என்றாள்.

தண்ணீர் வெளியே போகும் வழி. நான் அதை அடைத்திருக்கிறேன். நான். எத்தனை கப்பல் தலைவர்களின் அறியாமையைப் பற்றி எழுதியிருக்கிறேன், எவ்வளவு நயமான வாக்கியங்களில்.

டிசம்பர் 9

கார் திரும்பி வந்துவிட்டது. புதிய போர்ட். பழையதைப் பற்றி அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சிலிகான் துண்டைச் சின்னப் பையில் போட்டு இருக்கையில் வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 10

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மாலை ஆஸ்த்ரி கடையிலிருந்து வந்தாள். காரைத் தாண்டும்போது மூடி சரியாக இருக்கிறதா என்று தானே அழுத்திப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஜன்னலருகே நின்று குளிருக்குத் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தோடு வந்து நாற்காலியில் சாய்ந்தேன்.

கீழே எதையோ பார்த்தவள், “ஐலர்ட்” என்றாள். “எந்திரி.”

எழுந்தேன்.

“அங்கயே நில்லு.” கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே போனாள். விளக்குக் கம்பத்தடியில், மழையில், குடையோடு நின்று மூடியைச் சாத்திவிட்டுக் கையைக் காட்டினாள்: உட்கார். உட்கார்ந்தேன். அவள் குடையைத் தாழ்த்தி மூடியைப் பார்த்தாள். மறுபடி சாத்தினாள். எழுந்திரு. உட்கார். எழுந்திரு. உட்கார்.

மேலே வந்தாள். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் பின்பாக்கெட்டைச் சுட்டினாள். சாவியில் பூட்ட ஒன்று, திறக்க ஒன்று, மூன்றாவதாக மின்னல் படம் போட்ட பொத்தான். அழுத்திப் பிடித்தால் மூடி திறக்கும். நான் அழுத்தியிருக்கிறேன். தினமும் சாப்பிட்டுவிட்டு வந்து, நல்ல இலக்கியம் படித்தபடி, மணிக்கணக்கில்.

ஆஸ்த்ரி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

“தெறந்தது நீ. சரி. அப்ப காலையில காலையில மூடினது யாரு?”

டிசம்பர் 11

மழைக்கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனாளே. திறக்கிறவளுக்குக் கை ஏன் நனைகிறது? ஈரத்தைத் துடைத்துவிட்டு மூடியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும். நான் சீட்டு எழுதும்வரை.

இன்னொன்றும் ஆஸ்த்ரி சொன்னாள். அவளுக்கு ரொட்டிக் கடையில் தெரியவந்ததாம். தோர்டிஸ் தினமும் காலை போவது மேல் தெரு முதியோர் இல்லத்துக்கு. அங்கே அவளுடைய அக்கா இருக்கிறாள். பேச்சு போய்விட்டது. வேறு யார் ஊட்டினாலும் வாய் திறப்பதில்லை. அதற்காகத்தான் வார்டோ வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா?” என்றேன்.

“நேத்துதான். நீயும் கேட்டிருந்தா மூணு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.”

டிசம்பர் 12

சொல்லவில்லை.

டிசம்பர் 13

இன்றும் சொல்லவில்லை. சாவி இப்போது சமையலறைக் கிண்ணத்தில் கிடக்கிறது. மூடி மூடியே இருக்கிறது. கட்டடமே அமைதி. நான் வாயைத் திறக்காவிட்டால் சீட்டுக்குப் பலன் கிடைத்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இதை எழுதும்போது ஒரு நொடி நிம்மதி வந்தது. என்ன மனுஷன்டா நீ.

டிசம்பர் 15

தோர்டிஸ் காலி அட்டைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். இரண்டை வாங்கிக்கொண்டேன்.

“வீடு கெடச்சுதா?” — பேச்சுவழக்கில் கேட்டுவிட்டேன், குழு உறுப்பினர் குரல் வரவில்லை.

“ஃபியோர்டுத் தண்ணிக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம். ரெண்டு பஸ் மாறணும். காலச் சாப்பாட்டுக்கு வந்து சேர முடியாது. மத்தியானத்துக்கு வந்துருவேன்.” மூச்சு வாங்க நின்றாள். “அதுவரைக்கும் அக்கா வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருப்பா. அவ புடிவாதம் அப்படி.”

பெட்டியைப் பிடித்தபடி கேட்டேன், எவ்வளவு தந்திரமாகக் கேட்கிறேன் என்று எனக்கே கேட்டது: “இந்தக் கார் மூடி விஷயம்... மழையில திறந்து கிடந்தத யாராவது பாத்திருப்பாங்களோ?”

“நான் பாத்தேன். தெனமும்.”

“ஓ.”

“தொடாதேன்னு எழுதியிருந்துச்சு. தொடல.”

கதவைத் திறந்து பெட்டிகளை உள்ளே தள்ளினாள். “நல்ல பையன், தூக்கிட்டு வந்தியே” என்றாள்.

டிசம்பர் 17

திருத்தச் சீட்டு எழுத முயன்றேன். “சார்ஜிங் மூடி திறந்தமைக்கான காரணம் தற்போது கண்டறியப்பட்டுள்ளது, முந்தைய அறிவிப்பால் எவருக்கேனும் அசௌகரியம் நேர்ந்திருப்பின் வருந்தப்படுகிறது.”

ஆஸ்த்ரி தோளுக்கு மேலிருந்து படித்தாள். “யாரு கண்டறிஞ்சாங்க? யாரு வருந்தறாங்க? இதுல ஆளே இல்லையே.”

கிழித்தேன். அடுத்ததில் ஆளைச் சேர்த்தேன், ‘குடியிருப்போரில் ஒருவர்’ என்று. கிழித்தேன். அதற்கடுத்ததை அவளிடம் காட்டவேயில்லை. காரணம், அதில் நான் தோர்டிஸை மன்னித்திருந்தேன்.

டிசம்பர் 18

லுட்விக் வீட்டு மணியை அடித்தேன்.

முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டு மணியை அடிப்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தீ விபத்தைத் தவிர்த்து. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. பாதி லுட்விக் தெரிந்தார்.

“தீயா?” என்றார்.

“இல்லை. என் மூடியை நானேதான் திறந்துகொண்டிருந்தேன்.”

முழுவதும் சொன்னேன் — நாற்காலி, பாக்கெட், பொத்தான், தோர்டிஸ் மூடியது, ஓட்டையை நான் அடைத்தது. ஓட்டையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆரம்பித்த பின் நிறுத்தத் தெரியவில்லை. மேலே எங்கோ ஒரு கதவு, சத்தம் வராமல், கொஞ்சமாகத் திறந்தது.

லுட்விக் முகம் சிவந்துவிட்டது. எனக்காக அவர் கூசுகிறார். இந்த ஊரில் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

“அந்த முடிவை மாத்தணும்” என்றேன். “நான் சும்மா இருந்ததாலதான் அப்படி முடிவாச்சு.”

“ம்” என்றார். சங்கிலியைப் பார்த்தார். “இத நீங்க எழுதிக் குடுத்திருக்கலாமே.”

ஜனவரி 8

சிறப்புக் கூட்டம். பன் இல்லை. நால்வர் முன் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போது எளிதாக இருக்கும் என்பார்கள். அப்படி இல்லை, அடுத்து என்ன வரப்போகிறது என்று நமக்குத் தெரிந்திருக்கிறது.

நீட்டிப்பு ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒருமனதாக. அதே ஐந்து பேர், அதே ஒருமனது.

கூட்டக் குறிப்பு எழுத லுட்விக் திணறினார். “முடிவ ஏன் மாத்துறோம்னு ஒரு காரணம் போடணுமே. ‘புதிய தகவல்’னு போட்டுக்கலாமா?”

“என் பின்பக்கம் என்று போடுங்கள்” என்றேன்.

‘தொழில்நுட்பக் காரணம்’ என்று போட்டிருக்கிறார்.

ஜனவரி 9

தோர்டிஸ் கதவுக்குச் சங்கிலியே இல்லை. திறந்தபடி நின்றாள். கட்டிய பெட்டிகள் பின்னால் தெரிந்தன. அனுமதி கிடைத்ததைச் சொன்னேன். மூடியைத் திறந்தது நான்தான் என்றும், சீட்டும் நான்தான் என்றும் சொன்னேன்.

“நீதான்னு அன்னிக்கே தெரியும். ஊசி டப்பாவக் கையில வெச்சுக்கிட்டு நின்னியே.”

“மன்னிச்சிடுங்க.”

“சீட்டுக்கா?”

“சீட்டுக்கு. கூட்டத்துல சும்மா இருந்ததுக்கு.”

“சீட்டு போனா போவுது. கூட்டத்த நான் பாக்கல.” கதவு நிலையில் சாய்ந்தாள். முதல் தடவையாக அவள் குரல் தாழ்ந்தது. “எம் மூஞ்சிக்கு நேரா, தொடாதேன்னு எழுதி ஒட்டிட்டு, திரும்பி நின்னு, மழை நல்லாப் பெய்யுதுன்னு சொன்ன பாரு. எங்க ஊர்ல ஆள் மேல கோவம்னா மூஞ்சியில துப்புவாங்க, பையா. அது மரியாத.”

பெட்டிகளைப் பிரிக்க வேண்டும் என்றாள். உதவட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

காபி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. வடக்கே வாசலுக்கு வந்தவரைக் காபி கொடுக்காமல் அனுப்பினால் என்ன அர்த்தம் என்று ஆஸ்த்ரியிடம் கேட்டேன்.

“ஒனக்கே தெரியும்” என்றாள்.

ஏப்ரல் 26

வசந்தகாலக் கூட்டு வேலை நாள். கட்டடத்தில் எல்லோரும் சருகு கூட்டினோம், வேலிக்குச் சாயம் பூசினோம். வராதவர்களைப் பற்றி வழக்கம்போல் யாரும் எதுவும் சொல்லவில்லை, வழக்கம்போல் எல்லோரும் கவனித்துக்கொண்டோம். பிறகு மேசை போட்டு, வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும்.

தோர்டிஸ் கதையைச் சொன்னாள். கட்டடம் ‘ட’ வடிவில் மடங்குவதால், அந்த டிசம்பர் மாலை முழுவதையும் அவள் தன் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

“இந்தம்மா கீழ கொடையோட நின்னு கையாட்டுது. இவன் மேல எந்திரிக்கிறான், ஒக்கார்றான், எந்திரிக்கிறான், ஒக்கார்றான். வயசாச்சே, டாக்டர் ஏதோ பயிற்சி சொல்லியிருப்பாரு போலன்னு நெனச்சேன்.” வாஃபிளோடு எழுந்து உட்கார்ந்தும் காட்டினாள். லுட்விக்குக்குக் காபி புரையேறியது. ஆஸ்த்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தேன், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல். பிறகு போய், ஏற்கெனவே கூட்டிய இடத்தை மறுபடி கூட்டினேன். ரோஜாச் செடிக்கடியில் என் குளியல் தொப்பி கிடந்தது. குளிர்காலத்தைத் தாங்கியிருக்கிறது.

மே 14

நேற்று இரவு சாவியைக் கிண்ணத்தில் போட மறந்திருக்கிறேன்.

காலை எட்டு மணி. மழை. கீழிருந்து குரல், நான்கு மாடிக்கும் கேட்கும்படி:

“ஐலர்ட்! ஒன் வண்டி வாயத் தெறந்துட்டு நிக்குது!”

எல்லா ஜன்னல்களிலும் திரை அசைந்தது. வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடினேன். தோர்டிஸ் மஞ்சள் மழைக்கோட்டில் காரை ஒட்டி நின்றிருந்தாள். கையை எட்டினால் மூடிவிடலாம். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருந்தன. ஜனவரியிலிருந்து இது மூன்றாவது முறை. ஒருமுறைகூட அவள் தொட்டதில்லை. அக்காவின் காலைச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்றாலும் நான் வரும்வரை நிற்பாள்.

உள்ளே துடைத்தேன். அடியிலுள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். மூடினேன். ‘டக்’.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தேன். முடியெல்லாம் நனைந்து முகத்தில் வழிந்தது. அவள் என்னை மேலிருந்து கீழ்வரை, செருப்புவரை, நிதானமாகப் பார்த்தாள்.

“மழை நல்லாப் பெய்யுது” என்றாள்.

மேல் தெருப் பக்கம் நடந்தாள்.